பூசாத வீடு

வேடசந்தூரைத் தாண்டிக் கரூர் சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு சங்கதி பிடிபடும். முன்சுவருக்கு ரோஸ், பச்சை, மஞ்சள் என்று பெயிண்ட் அடித்திருக்கும். தூணுக்கு டைல்ஸ். நெற்றியில் மயிலோ லட்சுமியோ இருக்கும். பஸ் நாலடி நகர்ந்ததும் தெரிகிற பக்கச் சுவர் மட்டும் வெறும் செங்கல். கட்டியபோது பிதுங்கி வழிந்த சாந்து அப்படியே காய்ந்து தொங்கும். ‘அடுத்த வருஷம் பூசிக்கலாம்’ என்று விட்ட சுவர்கள் அவை. விட்டவரின் பேரப்பிள்ளைகள் இப்போது அந்தச் சுவரில்தான் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் பூசாத செங்கல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: கையில் இருந்த காசு அதோடு தீர்ந்துவிட்டது.

அப்படிப்பட்ட ஊர் ஒன்றில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கொத்தனார் நாலு பக்கமும் வேண்டுமென்றே பூசாமல் தனக்கு வீடு கட்டிக்கொண்டார். சுற்று வட்டாரத்தில் அவர் கை பட்ட பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கும் என்று பேர். “ஊருக்கெல்லாம் பூசுறவரு வீட்டுக்குப் பூச்சு இல்லையாம்” என்று டீக்கடையில் சிரித்தார்கள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகனுக்கு அது பெரிய மானக்கேடாக இருந்தது. கூடப் படிக்கிறவர்கள் யாராவது வீட்டுக்கு வருகிறேன் என்றால் அவன் ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்ப்பான்.

பூசாத சுவர் யோசனை கேரளத்திலிருந்து வந்தது. எண்பதுகளில் மழை பொய்த்து, குடகனாறு மணலாகக் கிடந்த காலத்தில், வீடு கட்டுகிறவர்களே இல்லாமல் போனார்கள். கொத்தனார் கரண்டியையும் தூக்குக் குண்டையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு மதுரை போய், அங்கிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். அங்கே வேலை கிடைத்த இடத்தில் சுவர் எழும்புவதைப் பார்த்தவுடன் அவருக்குச் சந்தேகம் வந்தது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கிறார்கள். உள்ளே பொந்து விடுகிறார்கள். கட்டி முடித்ததும் பூசாமல் விட்டுவிடுகிறார்கள். “காண்ட்ராக்டர் ஏமாத்துறான்னு நெனச்சேன்” என்பார் பின்னாளில்.

ஏமாற்று ஒன்றும் இல்லை. அது லாரி பேக்கர் பரப்பிய முறை. 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து அங்கேயே கட்டடக் கலை படித்த பேக்கர், போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவர் மனத்தில் தங்கிவிட்டது. இந்தியாவுக்கே திரும்பி வந்து, இமயமலைப் பக்கம் பிதோராகரில் பல வருஷம் இருந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தைத் தன் ஊராக்கிக்கொண்டார். இன்றைக்கும் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது, சுருள் சுருளாக ஏறிப்போகும் அவருடைய செங்கல் காபி ஹவுஸ்தான். 1989-இல் இந்தியக் குடியுரிமை, 1990-இல் பத்மஸ்ரீ, 2007-இல் மறைவு. வேடசந்தூர்க் கொத்தனார் அவரைத் தூரத்தில்கூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அவரிடம் தொழில் கற்றவர்களிடம் கற்ற ஒரு மலையாள மேஸ்திரியை.

அந்தக் கட்டுக்கு ராட் ட்ராப் என்று பெயர்; எலிப்பொறிக் கட்டு. சொல்வதற்கு எளிது, கைக்கு வர நாளாகும். முதல் வரிசை மட்டும் வழக்கம்போலப் படுக்கைவசமாக, முழுச் சுவராக வரும். அதற்கு மேல் செங்கல்லை மூன்றங்குலப் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். வெளிமுகத்துக்கு ஒன்று, உள்முகத்துக்கு ஒன்று; இரண்டுக்கும் நடுவில் மூன்றங்குலம் காலி. அடுத்து ஒரு செங்கல் குறுக்கே நின்று வெளிக்கல்லையும் உள்கல்லையும் சேர்த்துப் பிடிக்கும். மறுபடி நீளத்தில் இரண்டு, குறுக்கே ஒன்று. மேல்வரிசையில் குறுக்குக் கல், கீழ்வரிசை நீளக் கல்லின் நடுவில் உட்கார வேண்டும். ஜன்னலுக்குக் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை, நிலை ஓரம், மூலை, கூரை உட்காரும் தலைவரிசை ஆகிய இடங்களில் பொந்து கூடாது, முழுக்கல்தான்.

கொத்தனார் வேலை செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தவன் மகன். லீவு நாட்களில் செங்கல் நனைத்துக் கொடுப்பது அவன் வேலை. தொட்டியில் முக்கிய கல்லிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை காத்திருக்கச் சொல்வார். காய்ந்த கல்லை வைத்தால் சாந்தின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். கல்லும் சாந்தும் ஒட்டாது. நடுப் பொந்தின் மேல் ஒரு ரீப்பர் கட்டையை நீளவாக்கில் வைத்துக்கொள்வார். கரண்டியிலிருந்து சிந்துகிற சாந்து கட்டையில் விழும், பொந்துக்குள் விழாது. ஒரு வரிசை முடிந்ததும் கட்டையைத் தூக்கித் தட்டி, அந்தச் சாந்தையே அடுத்த வரிசைக்கு எடுத்துக்கொள்வார். சாயங்காலம், சாந்து இறுகுவதற்கு முன்னால், வளைத்த கம்பியால் ஒவ்வொரு இடுக்கிலும் கோடு இழுத்துக்கொண்டு போவார். பூசுகிற சுவரில் எந்தக் கோணலையும் மறைத்துவிடலாம். இங்கே நூல் பிடித்தது நூலிழை தப்பினாலும் சாகும்வரை கண்ணை உறுத்தும்.

கணக்குதான் அவரை வசப்படுத்தியது. ஒன்பதங்குலச் சுவர் வழக்கமான முறையில் எழும்ப நாலு செங்கல் போகிற இடத்தில், இந்தக் கட்டில் மூன்று செங்கல் போகும். நூற்றுக்கு இருபத்தைந்து மிச்சம். சாந்தும் குறைவு. பூச்சு இல்லை, பூச்சுக்கு மேல் சுண்ணாம்போ பெயிண்டோ இல்லை.

இந்த மிச்சத்தின் பின்னே ஆங்கிலக் கிராமங்களின் கதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் கிராமங்களில் வெகுகாலம் சாதாரண ஜனங்கள் ஓக் மரச் சட்டத்துக்கு நடுவில் குச்சிகளைப் பின்னிக் களிமண் அப்பிய வீடுகளில்தான் இருந்தார்கள். செங்கல் முதலில் பணக்காரர் மாளிகைக்கும், பிறகு நெருப்புக்குப் பயந்து புகைபோக்கிக்கும் வந்தது. 1666-இல் லண்டன் எரிந்தது. அடுத்த வருஷமே அந்த நகரத்தில் வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதன் பின் செங்கல் மவுசு மெல்லக் கிராமங்களுக்கும் பரவியது. அந்தந்த ஊர் மண்ணை அந்தந்த ஊரிலேயே சுட்டதால், இரும்புச் சத்துள்ள மண் சிவப்பு வீடாகவும், சுண்ணாம்புச் சத்துள்ள மண் வெளிர்மஞ்சள் வீடாகவும் எழுந்தன. வீட்டு நிறத்தைப் பார்த்தே எந்த மாவட்டம் என்று சொல்லலாம்.

அமெரிக்கக் காலனிப் போரில் பட்ட கடனை அடைக்க 1784-இல் இங்கிலாந்து அரசாங்கம் செங்கல்லுக்கு வரி போட்டது. வரி, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. சூளைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கல்லைப் பெரிதாக அறுத்தார்கள். எண்ணிக்கை குறைந்தது, வரியும் குறைந்தது. அரசாங்கம் விழித்துக்கொண்டு பெரிய கல்லுக்கு இரட்டை வரி போட்டது. 1850-இல்தான் இந்த வரி ஒழிந்தது. கல்லை மிச்சம் பிடித்தே தீர வேண்டிய அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும், தென் இங்கிலாந்தில் பண்ணைத் தொழிலாளர் குடியிருப்புகள், தொழுவங்கள், தோட்ட மதில்கள் எழும்பியபோது கைகொடுத்த முறைகளில் ஒன்று இந்த எலிப்பொறிக் கட்டு. அதாவது இது துரைமார் பங்களாவின் சுவர் அல்ல. துரையிடம் கூலிக்கு வேலை பார்த்தவன் குடியிருந்த வீட்டின் சுவர்.

அங்கேயும் முன்பக்கம் ஒரு மாதிரி, பின்பக்கம் ஒரு மாதிரிதான். தெருவைப் பார்த்த சுவருக்கு ஒரே நிறத்தில் பொறுக்கி எடுத்த கல், ஒரே வரிசையில் நீளமும் குறுக்கும் மாறி மாறி வரும் ஃபிளெமிஷ் கட்டு. பின்சுவருக்கும் பக்கச் சுவருக்கும் கோணல் கல், மலிவான கட்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் குடியானவரும் கரூர் சாலைக்காரரும் சந்தித்திருந்தால் இந்த ஒரு விஷயத்தில் ஒருவரையொருவர் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். வித்தியாசம், அவர் முன்பக்கத்தில் செங்கல்லைக் காட்டினார். இவர் செங்கல்லை மறைக்கிறார்.

கொத்தனார் ஊர் திரும்பிச் சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. மகனின் அப்பத்தா குடகனாற்று அணைக்குக் கீழே இருந்த ஒரு ஊரில் பிறந்தவர். 1977 வெள்ளத்தில் அழகாபுரியில் உள்ள அந்த அணையின் மண்கரைக்கு மேலே தண்ணீர் வழிந்து கரை உடைந்தது. களிமண் சாந்தில் கட்டிய சுவர்கள் ஊறிக் கரைந்து உட்கார்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். காரை வீடுகள் நின்றதையும் பார்த்திருக்கிறார். சுவர் என்றால் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த பாடம்.

“ஏப்பா, தட்டுனா டொக்கு டொக்குன்னு கேக்குது. இதுல எப்பிடிடா குடியிருக்கிறது?”

“அதுல காத்துதான் ஆத்தா இருக்கு. வெயிலு உள்ள வராது.”

“காத்த நம்பியா வீடு கட்டுற? பூசாத வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?”

பொண்ணு விஷயத்துக்குக் கொத்தனாரிடம் பதில் இல்லை. மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த காலத்தில், வாசல் பக்கச் சுவரை மட்டும் பூசிவிடலாமா என்று அவரே ஒரு தடவை கேட்டார். அந்தக் கேள்வி எப்படியோ தள்ளிப்போய்க்கொண்டே வந்து, கல்யாணமும் முடிந்தது. பூச்சு மட்டும் நடக்கவே இல்லை.

செங்கல் பக்கத்துச் சூளையிலிருந்து வந்தது; மணல் குடகனாற்று மணல். காந்தி சொன்ன ஐந்து மைல் கணக்கு தன்னையறியாமல் நிறைவேறியது. சுண்ணாம்புக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. வேடசந்தூர்ப் பக்கத்து மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. கரிக்காலியில் சிமெண்ட் ஆலை வந்ததே அதற்காகத்தான். ஆனால் மாடு சுற்றிச் சாந்து அரைத்த வட்டச் செக்குகள் அதற்குள் கைவிடப்பட்டு, கல் உருளை மட்டும் ஊர்க்கோடியில் கிடந்தது. சிமெண்டும் மணலும் ஒன்றுக்கு ஆறு என்று கலந்துதான் கட்ட முடிந்தது. சூளைக் கல்லில் நெளிந்ததும் வெந்து கறுத்ததும் நிறைய. நிறுத்தி வைக்கும் கட்டுக்கு நாலு விளிம்பும் நேராக உள்ள கல் வேண்டும் என்பதால், வண்டியில் வந்த லோடை ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் குடும்பமே உட்கார்ந்து பொறுக்கியது. கழித்த கல் அஸ்திவாரத்துக்கும் உள்சுவருக்கும் போயிற்று. ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் லிண்டலுக்குப் பதிலாகச் செங்கல் வளைவு. மேல்தளத்தில் உடைந்த மங்களூர் ஓடுகளைக் கம்பிகளுக்கு நடுவில் பரப்பி, அதன் மேல் கான்கிரீட். அதுவும் பேக்கர் வழிதான். தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தை ஓடு அடைத்துக்கொண்டால் சிமெண்ட் மிச்சம்.

குடிபோன முதல் சித்திரையில் அப்பத்தா கட்சி மாறினார். சிமெண்ட் பூசிய பக்கத்து வீட்டின் மேற்குச் சுவர் ராத்திரி ஒன்பது மணிக்கும் சூடு கக்கியது. இந்த வீட்டின் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து அவர் வெற்றிலை இடிக்க முடிந்தது. வெயில் வெளிக்கல்லைச் சுட்டாலும், நடுவில் அடைபட்ட காற்று அதைச் சட்டென்று உள்கல்லுக்குக் கடத்துவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் வெற்றிலைப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “என்ன இருந்தாலும் பூசிருக்கலாம் அத்தை” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குறை இல்லாமல் இல்லை. படம் மாட்ட ஆணி அடித்தால் சில இடத்தில் பொந்துக்குள் போய் ஆணி காணாமல் போகும். குளவிகள் இடுக்குகளில் மண்கூடு கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் நாலு நாள் விடாமல் அடித்தால், குறுக்குக் கற்கள் வெளி ஈரத்தை உள்முகம்வரை இழுத்து வந்து நிறுத்தும். உள்சுவரில் வரிசையாக ஈரப்பொட்டு வைத்த மாதிரி தெரியும். இதே காரணத்தால்தான் மழை ஓயாத இங்கிலாந்திலும் இந்தக் கட்டை நல்ல வீட்டுக்கு வைக்கத் தயங்கினார்கள். வேடசந்தூரின் வானிலைக்கு, வருஷத்தில் சில நாள் ஈரம் என்பது சமாளிக்கக்கூடிய தொல்லை.

மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். கட்டுமானப் புத்தகத்தில் இங்கிலீஷ் பாண்ட், ஃபிளெமிஷ் பாண்ட் படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. எலிப்பொறிக் கட்டுக்கு நாலே வரி. ஒரு வரிசை முழுக்க நீளக் கல், அடுத்த வரிசை முழுக்கக் குறுக்குக் கல் என்று போகும் இங்கிலீஷ் பாண்டைத் தமிழ்நாட்டில் ஒன்பதங்குலச் சுவர் எழுப்புகிற எத்தனையோ கொத்தனார்கள் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் கலெக்டர் பங்களாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மகனின் ஊரிலோ ஒவ்வொரு பூச்சுக்குள்ளும் ஓர் ஆங்கில வரிசை மறைந்து கிடந்தது.

பிற்பாடு வேலை மகனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் பேசிங்ஸ்டோக்கில் தங்கியிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை பார்த்தவர் பக்கத்தில் உள்ள சாட்டன் கிராமத்துக்கு அழைத்துப்போனார். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. 1949 முதல் அது அருங்காட்சியகம். பதினேழாம் நூற்றாண்டில் எழும்பிய சிவப்புச் செங்கல் வீடு. ஒரு காலத்தில் சாலையோரச் சத்திரமாகவும் இருந்தது. அண்ணன் எட்வர்ட் தாயையும் தங்கைகளையும் இங்கே குடிவைத்தபோது, சாலையைப் பார்த்த பெரிய ஜன்னலை அடைத்துவிட்டு, தோட்டத்தைப் பார்க்க வேறு ஜன்னல் திறந்துகொடுத்தார். வின்செஸ்டர் போகும் கோச் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது என்று. அப்பத்தா இருந்திருந்தால், ரோட்டைப் பார்க்காத ஜன்னல் என்ன ஜன்னல் என்று கேட்டிருப்பார்.

மகன் செல்போனில் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டார். எழுத்தாளர் பெயரைச் சொன்னபோது கொத்தனார் முகத்தில் சலனமில்லை. “மூலைக்குப் போ” என்றார். வீட்டு மூலையைக் காட்டினார் மகன். “இன்னும் கிட்ட.” மூலைக்கல்லை அடுத்து, கால்வாசி அகலத்தில் ஒரு சின்னக் கல் வரிசை விட்டு வரிசை செருகியிருந்தது. “பாத்தியா, கால்கல்லு வச்சிருக்கான். அது இல்லேன்னா மேல் இடுக்கும் கீழ் இடுக்கும் நேருக்கு நேரா வந்துரும். நாங்களும் அப்படித்தான் வைப்போம்” என்றார். பிறகு சாந்தைக் காட்டச் சொன்னார். வெளுத்த சுண்ணாம்புச் சாந்து, விரலால் சுரண்டினால் பொடி உதிரும் போலிருந்தது. “தொடாதடா, திட்டப்போறாங்க.”

சாட்டனிலிருந்து திரும்பும் வழியில் வேறொரு பழைய மதிலையும் அப்பாவுக்குக் காட்டினார். அது எலிப்பொறிக் கட்டேதான். இடையில் யாரோ பிற்காலத்தில் சிமெண்டால் இடுக்குகளை அடைத்திருந்தார்கள். அடைத்த இடத்தில் செங்கல்லின் முகம் தோல் உரிந்தாற்போல உதிர்ந்திருந்தது. சுண்ணாம்பு அப்படியே நின்ற இடத்தில் கல் முழுசாக இருந்தது. செங்கல்லை விட மெத்தென்ற சுண்ணாம்பு வழியாக ஈரம் வெளியேறிவிடும். சிமெண்ட் வழி விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் அது உறையும்போது கல்லின் முகம் வெடித்து உதிரும். வேடசந்தூரில் உறைபனி கிடையாது, ஆனால் உப்பு இருக்கிறது. கொத்தனார் வீட்டின் கீழ்வரிசைக் கற்கள் பொரிந்து உதிர ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. மண் உப்பு என்றுதான் நினைத்திருந்தார். படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு எங்க கிடைக்கும்னு விசாரிக்கணும்” என்றார். அடுத்த தடவை கீழ்வரிசையில் கெட்ட கற்களைப் பெயர்த்து மாற்றியபோது சுண்ணாம்புச் சாந்தில்தான் வைத்தார்.

இன்று அந்த ஊரில் புதிதாக எழும்பும் சுவர்களில் பாதிக்கு மேல் செங்கல்லே இல்லை. சிமெண்ட் ஹாலோ பிளாக் வந்துவிட்டது. நடுவில் இரண்டு பெரிய பொந்து. தட்டினால் டொக்கு டொக்கு என்றுதான் கேட்கிறது. யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. மேலே பூசி, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள்.

பூசாத செங்கல்லைத் தேடி வருகிறவர்கள் வேறு ஆட்கள். அய்யலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் பண்ணை வீடு கட்ட நிலம் வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், வரைபடத்தோடு ஆர்க்கிடெக்டையும் கூட்டிக்கொண்டு போன வருஷம் கொத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெளிச்சுவர் முழுக்க எலிப்பொறிக் கட்டு, பூச்சு கிடையாது. கொத்தனாருக்கு வயசாகிவிட்டது, சாரத்தில் ஏறுவதில்லை. நூல் பிடிக்கவும் மூலை எழுப்பவும் வருகிறேன், மற்றதைப் பீகாரிலிருந்து வந்து தன்னிடம் வேலை பழகும் இரண்டு பையன்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். கூலி, பூச்சு வேலைக்கு வாங்குவதைவிட அதிகம் கேட்டார். பணக்காரர் தலையாட்டினார்.

“இன்னொண்ணு. செங்கல் நான்தான் பொறுக்குவேன். பொறுக்குனது போக மிச்சம் கிடக்குற கல்லுக்கும் நீங்கதான் காசு குடுக்கணும்.”

“அந்தக் கல்ல என்ன பண்றதுங்க?”

“உள்சுவர் கட்டிப் பூசிருவோம்.”

கடைசியாக, சுவர் பளபளவென்று இருக்க மேலே வார்னிஷ் அடிக்கலாமா என்று வந்தவர் கேட்டார். மழைக்கு ஈரம் குடித்து வெயிலுக்கு விட்டுவிடுகிற கல், வார்னிஷ் அடித்தால் குடித்ததை உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று கொத்தனார் விளக்கி, தன் வீட்டுக் கீழ்வரிசையைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆர்க்கிடெக்ட் குனிந்து, சிமெண்ட் வைத்த கல்லையும் சுண்ணாம்பு வைத்த கல்லையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். வார்னிஷ் எஸ்டிமேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. தை பிறந்ததும் அஸ்திவாரம் தோண்டினார்கள்.